இழுப்புக்காரி ஓடிய இருநூறு மீட்டர்

என்னிடம் இளநீல நிறத்தில் ஒரு மருத்துவமனை அட்டை இருக்கிறது. நோயாளி அடுத்து வரவேண்டிய தேதியை அதில் எழுதுவார்கள். வந்துபோனால் எதிரே முத்திரை குத்துவார்கள். மொத்தம் ஒன்பது தேதிகள். எட்டுக்கு முத்திரை உண்டு. ஒன்பதாவது, ஜூலை 19, ஞாயிறு. மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஞாயிறு வேலை நாள் என்பதால் அதில் பிழை இல்லை. நாட்காட்டியிலும் சரிபார்த்துவிட்டேன். எதிரே உள்ள கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

அட்டை என் சித்தியுடையது. அப்பாவின் தம்பி மனைவி. சித்தப்பா லாரி ஓட்டியவர். ஏதோ காய்ச்சலில் இறந்தார் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதன்பிறகு சித்தி எங்களுடன், புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டின் பின்னறையில் இருந்தார். விடியற்காலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு கட்டி, தோட்டத்து வாசலில் மேசை போட்டு விற்பார். ஏழரைக்குள் பொட்டலம் தீர்ந்துவிடும்.

நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. அந்த ஆண்டு எனக்கு மூச்சிழுப்பு நோய் இருந்தது. அதாவது, இருப்பதாகச் சித்தியும் நானும் முடிவு செய்திருந்தோம்.

"உனக்கு இழுப்புன்னு சொல்லிடலாம். மாசத்துல ஒருநாள் ஸ்கூல் கட். பஸ்ஸுல போலாம், ஐஸ் கச்சாங் சாப்பிடலாம். என்ன சொல்ற?"

நான் என்ன சொல்வேன்! பொய் முழுவதும் என் நன்மைக்காகவே சொல்லப்படுகிறது என்று நம்பினேன். சித்தியின் தாராள மனதை எண்ணி வியந்தேன்.

பக்கத்து ஊரிலேயே மருத்துவமனை இருந்தது. அங்கே எங்கள் தோட்டத்துப் பெண்கள் இருவர் துப்புரவு வேலை செய்தார்கள். சித்தி அந்தப் பக்கம் தலைவைக்கவே மாட்டார். நாங்கள் பீடோங்கில் பேருந்து மாறி அலோர் ஸ்டார்வரை போவோம். ஜன்னலோர இருக்கை எனக்கு. குருண் தாண்டினால் வயல்கள் வரும். அதுவரை முக்காட்டை இழுத்துவிட்டபடி இருக்கும் சித்தி, வயல் வந்ததும் முக்காட்டைத் தோளில் தள்ளிவிட்டுப் பாட ஆரம்பிப்பார். அந்தக் குரலில் ஒரு சின்னக் கரகரப்பு இருக்கும். இன்றும் அந்தச் சாலையில் கார் ஓட்டும்போது, வயல் தொடங்கும் இடத்தில் வானொலியை நிறுத்திவிடுகிறேன்.

நான் என் கடமையில் குறை வைத்ததில்லை. பேருந்து நிறுத்தத்தில் எங்கள் லயத்துக் கடைசி வீட்டு அத்தையைக் கண்டால் உடனே இருமுவேன். ஒருமுறை உணர்ச்சிவசப்பட்டு வாந்தியே எடுத்துவிட்டேன்.

"போதும்டி, இவ்ளோ வேணாம் லா," என்று சித்தி காதருகே சிரித்தார்.

மருத்துவமனையில் சித்தி உள்ளே போவார். நான் வெளியே படக்கதை படிப்பேன். கொண்டுவரும் மாத்திரைகளை என் பெயர் எழுதிய ஒரு வைட்டமின் டப்பாவில் கொட்டி வைப்பார். காலை ஒன்பது, இரவு ஒன்பது என்று அவருடைய கைப்பேசி மணி அடிக்கும். என் டப்பாவிலிருந்து சித்தி ஏன் விழுங்குகிறார் என்று கேட்டேன். "உன் பங்கையும் நானே முழுங்குறேன், கசக்கும்," என்றார். நன்றியுணர்ச்சி மேலும் பெருகியது.

எட்டாவது முத்திரைக்கும் ஒன்பதாவது தேதிக்கும் நடுவே, ஜூலை 11, சனிக்கிழமை, பள்ளி விளையாட்டுப் போட்டி வந்தது. என் அணியான நீல இல்லத்தில் ஆள் போதாமல் இருநூறு மீட்டரில் என் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் தலைபின்னும்போது சித்தி சொன்னார்:

"ஓடு. ஆனா கடைசியா வா. பாதியில கொஞ்சம் இருமு."

"ஏன் சித்தி?"

"ஐஸ் கச்சாங் வேணாமா?"

சத்தியம் செய்து கொடுத்தேன்.

விசில் ஊதியதும் சொன்னபடியே மெதுவாக ஓடினேன். ஐந்து பேரில் ஐந்தாவது. வளைவுக்கு வந்து, இருமுவதற்கு வாயைத் திறந்தேன். அப்போது வேலிப்பக்கமிருந்து ஒரு குரல்: "ஓடுடி! ஓடு!"

சற்றுக் கரகரப்பான குரல்.

அதன்பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் மார்பில் பட்ட நாடா மட்டும்தான். முதலாவது வந்துவிட்டேன். கூடாரத்தில் கடைசி வீட்டு அத்தை கைதட்டியபடியே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"பாருங்கக்கா, இழுப்புக்காரி என்னா ஓட்டம் ஓடுறா! இந்தப் புள்ளைக்கா மாசா மாசம் மருந்து?"

"அப்ப யாருக்காம்?"

அத்தை கைதட்டலை நிறுத்தினார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் சித்தி என் பரிசுக் கோப்பையை வாங்கி விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முதலாவதா?" என்று கேட்டுவிட்டு, அதிலேயே மைலோ கலக்கிக் கொடுத்தார். திட்டவில்லை. ஐஸ் கச்சாங் பற்றி இருவருமே பேசவில்லை.

திங்களன்று பத்துப் பொட்டலம் மிஞ்சியது. புதனன்று பாதி. சித்தப்பாவின் சாவைப் பற்றி முன்பே இருந்த முணுமுணுப்பும் என் கோப்பையும் ஒன்று சேர்ந்து, "அந்தச் சீக்கு" என்ற சொல்லாகி லயம் முழுக்க நடந்தது. வெள்ளிக்கிழமை சித்தி மேசையை மடித்து வைத்துவிட்டார். நாங்கள் வாரம் முழுக்க மீந்த நாசி லெமாக் சாப்பிட்டோம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

19ஆம் தேதி காலை சீருடை போடாமல் தயாராக நின்றேன்.

"இன்னைக்குப் போகல," என்றார் சித்தி.

"ஏன்?"

"பஸ் ஸ்டாப்புல எல்லாரும் நிப்பாங்க."

எல்லாரும் நிற்பதற்குத்தானே பேருந்து நிறுத்தம் என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். தெரிந்திருந்தும் சித்தி பிசைந்து ஊட்டிய சோற்றை நான் உண்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஊருக்குத் தெரிந்த பிறகு சித்திக்கென்று தனியாக ஒரு பச்சைத் தட்டு வாங்கினார். "வர்றவங்க போறவங்க பாக்குறாங்க," என்றார். சித்தி, "நல்ல கலர்கா," என்று வாங்கிக்கொண்டார்.

டப்பா சில வாரங்களில் காலியானது. கைப்பேசி மட்டும் ஒன்பதுக்கு ஒன்பது மணி அடித்துக்கொண்டே இருந்தது. சித்தி அதை அணைத்துவிட்டுச் சற்று நேரம் கையிலேயே வைத்திருப்பார். ஆண்டுக் கடைசியில் பாயோடு ஒட்டிப்போனார். வாய்ப்புண்ணால் காரச் சம்பலைத் தொட முடியவில்லை. இருமல் இப்போது அவருடையதாகியிருந்தது. என்னைவிட நன்றாக இருமுகிறார் என்று ஒருநாள் அவரிடமே சொன்னேன். சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பள்ளி விடுமுறையில் அவருடைய அக்கா பண்டார் பாருவிலிருந்து கார் எடுத்துவந்து கூட்டிப்போனார். ஏறும்போது சித்தி என் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டுப் போனார். டப்பா எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அட்டை அதற்குள் இருந்தது.

எச்.ஐ.வி. என்று அம்மா எனக்குச் சொன்னபோது எனக்குப் பதினேழு வயது. தவறாமல் மருந்து சாப்பிட்டால் நெடுநாள் இருக்கலாம் என்று டாக்டர் முதல் நாளே சித்தியிடம் சொல்லியிருந்தாராம். எட்டு மாதம் அப்படித்தான் இருந்தார்.

சித்தியின் அக்காவுடைய தொலைபேசி எண் மாறிவிட்டது. இரண்டு முறை பண்டார் பாரு போய்த் தேடினேன். வீட்டில் வேறு குடும்பம். சித்தி அங்கே மருந்தைத் தொடர்ந்தார் என்றும், நன்றாகச் சதைபோட்ட ஒருவரை ஒரு கல்யாணத்தில் பார்த்ததாகவும் உறவினர் ஒருவர் சொன்னார். முகத்தைப் பார்த்தீர்களா என்றால், பின்னாலிருந்து பார்த்தேன் என்கிறார்.

அந்தக் குரலையும் விசாரித்தேன். சித்தி அன்று திடலுக்கே வரவில்லை, வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார் என்பது அம்மாவின் சாட்சியம். நான் திரும்பி வந்தபோது சித்தியின் செருப்பில் செம்மண் ஈரமாக ஒட்டியிருந்தது என்பது என்னுடையது. தோட்டத்தில் எல்லார் செருப்பிலும் செம்மண்தான், எனவே இது ஆதாரமாகாது.

இதையெல்லாம் தேதிவாரியாகக் குறித்து வைக்கும் என் நோட்டில், ஜூலை 11க்கு நேராக "ஓடச் சொன்னவர்: சித்தி" என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை உறுதிப்படவில்லை. உறுதி செய்யக்கூடியவர் ஒருவர்தான்.