ஐந்து கிலோ அரிசி தாங்கிய வளையம்

பதின்மூன்று வயதில் எனக்கு முகம் முழுக்கப் பரு. அந்த முகத்தோடு, நான் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு வைத்து, ஆல்பம் செய்து, கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் வரைக்கும் அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். இரண்டு நாள் என்பது என் கணக்கு. இடையில் தின்ற சொக்லேற் பூசிய பாண் துண்டுகளை அதில் சேர்க்கவில்லை.

அம்மாவின் ஒரே தம்பி அப்போது ஜேர்மனியில், வுப்பர்டாலில் எங்களோடுதான் இருந்தார். கிழமை நாட்களில் தொழிற்சாலை வேலை. சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் கலியாணங்களுக்குப் படம் எடுப்பார். டிஜிட்டல் கமரா வந்த புதிது.

"நேர அடிக்கிற வெளிச்சத்திலதான் பரு எழும்பித் தெரியும். நான் மெத்தெண்ட வெளிச்சம் போடுறன், ஒண்டும் தெரியாது. அழாதை," என்றார் மாமா.

அதற்காகவே ஒரு சொஃப்ட்பொக்ஸ் வாங்கினார். ஆள் உயரக் கறுப்புத் துணிப்பெட்டி, முன்பக்கம் வெள்ளைத் துணி. அதை லைற்றோடு பிணைப்பது உள்ளங்கை அகல வளையம் ஒன்றுதான். அது இரும்பில்லை, பிளாஸ்டிக். மாமா அதை நகத்தால் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு குசினி வாசல் நிலையில் கயிறு கட்டி வளையத்தைத் தொங்கவிட்டு, அதில் ஐந்து கிலோ பாஸ்மதிப் பையை மாட்டினார். ஒரு பகல் முழுக்க நாங்கள் குனிந்துதான் குசினிக்குப் போய்வந்தோம். அரிசி விழவில்லை.

"அரிசிக்கே ஒண்டும் ஆகேல்லை. இந்தத் துணி என்ன பெரிய பாரமே?" என்றார் மாமா. அப்பா, சோறு எப்போது என்று மட்டும் கேட்டார்.

சாமத்திய வீட்டன்று காலை, தாய்மாமன் முறைக்கு மாமாதான் எனக்குத் தண்ணீர் வார்த்தார். அத்தை முறைக்காரர் முகத்தில் மஞ்சள் பூசினார்கள். குளியலறையில் யார் படம் எடுப்பது? அதனால், மண்டபத்தில் முதல் படம் மாமனும் மருமகளுமாக இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லி வைத்திருந்தார்.

மண்டபத்தில் சொஃப்ட்பொக்ஸ் என் தலைக்கு மேலே முன்பக்கமாகச் சரிந்து நின்றது. மாமா கமராவை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, பட்டு வேட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றார். நின்றவர் திடீரென்று மேலே பார்த்தார். ஒரே பாய்ச்சலில் லைற்றடிக்குப் போய், இரண்டு கைகளாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தான், நீங்கள் எடுங்கோ."

"வாடா தம்பி! மாமன் இல்லாமல் என்ன படம்?" என்றார் அம்மா.

"பிறகு வாறன் அக்கா."

அவர் வரவேயில்லை. சொந்தக்காரர் வரிசையாக வந்து என்னோடு நின்று படம் எடுத்து முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேலானது. அவ்வளவு நேரமும் மாமா கைகளை இறக்கவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

"உங்களுக்கு என்னைவிட உங்கட லைற்தான் பெரிசு," என்று சாப்பாட்டு மேசையில் சொன்னேன். மாமா தோளைத் தேய்த்தபடி சிரித்தார். "புதுச் சாமானெல்லோ பிள்ளை," என்றார். ஒரு கிழமை அவரோடு பேசவில்லை. மாமன் ஒரு படத்திலும் நிற்காததை அம்மா வருடக்கணக்காகச் சொல்லிக்காட்டினார்.

போன வருடம் மாமா வீட்டின் கீழே இருக்கிற நிலவறையை, கெல்லரை, துப்புரவாக்கப் போனபோது அந்த வளையம் கையில் அகப்பட்டது. பாதிவரை பிளந்திருந்தது. அரிசிப் பை நேர்கீழாகத் தொங்கியது. பெட்டியோ மண்டபத்தில் முன்னுக்குத் தள்ளி நின்று வளையத்தை நெம்பியிருக்கிறது. மாமா அந்தச் சோதனையைச் செய்யவில்லை.

"அண்டைக்கு லைற்றை நிப்பாட்டிப் பெட்டியைக் கழட்டியிருக்கலாமே மாமா?"

"நிப்பாட்டினா உன்ர பரு தெரியுமெல்லோ."

"வேற ஆரிட்டயாவது குடுத்திருக்கலாமே?"

"குடுத்து, அவன் கை சோர்ந்து விட்டிட்டால்? கீழ நீயெல்லோ இருந்தனி."

வீட்டுக்கு வந்து ஆல்பத்தை எடுத்தேன். ஒரு படத்திலும் மாமா இல்லை. ஒரு படத்திலும் பரு இல்லை. அன்று காலையில் பூசிய மஞ்சள்தான் பருவை மாற்றியது என்று, ஆல்பம் வந்தபோது நான் எல்லோரிடமும், மாமாவிடமும்கூட, பெருமையாகச் சொல்லித் திரிந்திருந்தேன். "ஓம் பிள்ளை, நல்ல மஞ்சள்," என்று அவரும் தலையாட்டினார்.