யாரும் நடாத செவ்வந்தி

இலங்கை மலையகத்தின் மடுல்கெல்லவில் ஒரு தேயிலைத் தோட்டம். விடுதியாக மாறிவிட்ட பழைய துரை பங்களாவின் புல்சரிவில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே வாழ்ந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் இந்தப் பூந்தோட்டத்தை வர்ணித்து எழுதியதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். ரோசாப் பாத்திகளையும் சைப்பிரஸ் மரங்களையும் மலையிலிருந்து இறங்கும் மூடுபனியையும் சொல்லிவிட்டு, இந்தச் சரிவில் மட்டும் யாரும் நடாமலே செவ்வந்தி பூத்துக் கிடக்கிறது என்று வியந்து முடிக்கிறார். இப்போது செவ்வந்தி ஓரமாகக் கொஞ்சம்தான் மிச்சம். மற்றதெல்லாம் ஒட்ட வெட்டிய புல்.

கொழுந்துக் கூடையை வேலியோரம் இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் வருகிறார். கையில் தண்ணீர்ப் போத்தல்.

"ஐயா, கதிரைய கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிறீங்களா?"

எழுந்து தள்ளிப் போடுகிறேன். இந்தச் செவ்வந்தியெல்லாம் யார் நட்டது என்று கேட்கிறேன்.

"நாங்கதாங்க. கல்லு வைக்க அந்தக் காலத்துலருந்தே விடமாட்டாங்க. அதனால பொதைச்ச எடத்துல ஆளுக்கு ஒரு செடி நட்டுருவோம்."

"இந்த இடத்தில்?"

"எம் மக. போன மாசம் புல்லு வெட்டுற மெசின் வந்துச்சு. செடி போயிருச்சு."

கதிரைக் கால்கள் பதிந்த இடத்தைக் குனிந்து பார்த்து, நடுவில் தண்ணீர் ஊற்றுகிறார். பாதியில் நிறுத்துகிறார்.

"இல்ல, இன்னுங் கொஞ்சம் மேல இருக்கும்."

மிச்சத் தண்ணீரோடு நான் நிற்கும் இடத்துக்கு வருகிறார். நான் விலக வேண்டும். எங்கே கால் வைப்பதென்று தெரியாமல் நிற்கிறேன்.