பச்சை மையில் ஒரு கட்டுரை

தங்கச்சி மகள் போன வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டே அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டு முடித்துவிட்டாள். எல்லாம் போனில்தான். "இவ்ளோதான் பெரியம்மா" என்றாள். எனக்கு ஒப்பவில்லை. ஒரு சீல் இல்லை, யாரிடமும் போய்க் கைகட்டி நிற்கவில்லை, இதெல்லாம் ஒரு விண்ணப்பமா? எழுந்துபோய் பீரோவிலிருந்து என் பழைய ஃபைலை எடுத்து வந்தேன். திறந்ததும் இலவம்பஞ்சு வாசனை. இத்தனை வருஷம் கழித்துப் பஞ்சு வாசனை எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள். மெத்தைக் கடைக்காரர் மகளுக்கு வரும்.

கடை திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் இருந்தது. அத்தாவின், அதாவது என் அப்பாவின், புருவத்தில் எந்நேரமும் பஞ்சு ஒட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் குளித்துவிட்டுப் போனாலும் காதோரம் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்களுக்குத் தியானத் திண்டு தைத்துக் கொடுப்பார், பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்படித் திண்டு வாங்கிய ஓர் அமெரிக்க அம்மாள்தான், நன்றாகப் படிக்கிற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முழுச் செலவையும் ஏற்றுக்கொள்கிற பல்கலைக்கழகங்கள் தன் நாட்டில் உண்டு என்று சொன்னாள். இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்றும் சேர்த்துத்தான் சொன்னாள். அந்த இரண்டாவது பாதி என் காதில் விழவில்லை.

அம்மாவுக்கு ஆயிரம் கவலை. "சோத்துக்கு என்னாடி பண்ணுவ? ஹலால் கிடைக்குமா? நம்ம பேரப் பாத்தாலே ஏர்போர்ட்ல நிறுத்தி வெச்சு விசாரிப்பாங்களாம்." அத்தாவோ, "போட்டு வெக்கட்டும், காகிதம்தானே" என்றார். அந்தப் பெருந்தன்மை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எப்படியும் கிடைக்காது என்ற நம்பிக்கை. வேலூருக்கே என்னைத் தனியாக அனுப்பாதவர் அவர். நானும் கெட்டிக்காரி, விண்ணப்பம் போடட்டுமா என்று மட்டும் கேட்டேனே தவிர, போகட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டு, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அதோடு முடிந்தது.

காகிதம்தானே என்றவருக்குக் காகிதத்தின் மேல் பெரிய பயம் இருந்தது. ஒருமுறை ரேஷன் கார்டு மனுவை, அட்டெஸ்டேஷன் இல்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அன்றிலிருந்து கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போடாத காகிதம் அவருக்குக் காகிதமே அல்ல. இது கம்ப்யூட்டரில் போகிற விண்ணப்பம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நம்மூரு ஆபீசுக்கே பச்ச மை வேணும். அமெரிக்காக்காரன் சும்மா வுட்டுடுவானா?" என்றார். மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். கூடவே என் கட்டுரையையும். விண்ணப்பத்தோடு ஒரு சொந்தக் கட்டுரை எழுதச் சொல்வார்கள் இல்லையா, அதையும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஜும்மாவுக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். ஏதோ ஒரு துறையில் அதிகாரியாக இருந்த அம்மாள் மளமளவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்து, கட்டுரையில் நின்றார்.

"ஏங்க, நகலுக்குத்தான் நான் கையெழுத்து போட முடியும். இதுக்கு ஒரிஜினல் எங்க?"

அத்தா கொஞ்சமும் யோசிக்காமல் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இதோ நிக்குதுங்களே மேடம்."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றது. "இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாங்க உங்களுக்கு?"

"இங்கிலீசுங்களே, நமக்கு எங்க தெரியும்."

"உங்களப் பத்திதாங்க" என்றவர், ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு அந்த மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் கால் நோக எங்கள் கடை வாசலில் உட்கார்ந்தால், அத்தா விற்க வைத்திருக்கிற புது மெத்தையையே விரித்துப் போடுவார். "இத இனிமே புதுசுன்னு எப்பிடி விப்பீங்க?" என்று அம்மா சத்தம் போடுவாள். "பத்து பேரு படுத்துப் பாத்து நல்லாருக்குன்னு சொன்ன மெத்தைன்னு விக்கிறேன்" என்பார். இதைத்தான் எழுதியிருந்தேன். இதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் இப்படியும் எழுதியிருந்தேன்: 'முன்பின் தெரியாதவர்கள் எவ்வளவு தூரம் நடந்து வந்தாலும் இடம் கொடுப்பவர் என் தந்தை. நான் தூரமாகப் போவதை மட்டும் அவரால் நினைத்துப் பார்க்க முடியாது. போகட்டுமா என்று அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.'

அந்த அம்மாளின் குரல் அந்த இடத்தில் தாழ்ந்துவிட்டது. அத்தா சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கத்திலும் பச்சைக் கையெழுத்து விழுந்தது, சீல் விழுந்தது. கிளம்பினோம்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பெரியார் சிலை வரைக்கும் அவர் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். கோபமா, வருத்தமா என்று தெரியாமல் நான் ஃபைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அங்க குளிரு ஜாஸ்தியாமே?" என்றார் திடீரென்று.

"ஆமா அத்தா. பனி கொட்டும்."

இறங்கும்போது, தனக்குத்தானே சொல்வதுபோல, "பஞ்சு நாலு கிலோவாவது ஆவும்" என்றார்.

அடுத்த வாரமே ரஜாய் தைக்க உட்கார்ந்துவிட்டார். கனமான பஞ்சுப் போர்வையை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். நீல உறை, ஓரமெல்லாம் நெருக்கத் தையல். முடிவு வருவதற்கு முன்பே போர்வை தயார். பச்சை மைக் கட்டுரையையும் ஸ்கேன் பண்ணி, கூடுதல் ஆவணம் என்று அனுப்பிவைத்தேன். திருவண்ணாமலை மாவட்டத்துச் சீலைப் பார்த்து அங்கே யாராவது முழித்திருப்பார்கள்.

பங்குனி வெயிலில் பதில் வந்தது. ரொம்ப மரியாதையாக, இடம் இல்லை என்று. கடையில் குவிந்து கிடந்த பஞ்சுமேல் குப்புற விழுந்து அழுதேன். நான் போகவே கூடாது என்று உள்ளுக்குள் நினைத்த மனுஷருக்கு என்னைவிட ஆத்திரம். "ரெண்டாவது பக்கத்துல சீலு கொஞ்சம் மங்கலாத்தான் விழுந்துச்சு. அதான். வேற ஆபீசரப் பாத்து மறுபடி போடலாமா?" என்றார். அழுகையோடு சிரித்துவிட்டேன்.

பிறகு சென்னையில் படித்தேன். ஜூன் மாதச் சென்னை விடுதிக்கு நாலு கிலோ ரஜாயைத் தூக்கிக்கொண்டு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். மடித்து அதன்மேல்தான் படுத்தேன்.

"கட்டுரைக்கு அட்டெஸ்டேஷனா!" என்று தங்கச்சி மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். தண்ணீர் கொடுத்துவிட்டு, "உன் கட்டுரைய உங்கப்பா படிச்சாரா?" என்று கேட்டேன்.

"அய்யோ பெரியம்மா, அவருக்கு எதுக்கு?" என்றாள்.

அவள் அப்பா ஹாலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும்.

கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு காபி ஷாப். நம் சான்றிதழில் நாமே கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஆகிவிட்டது. நல்லதுதான், எத்தனை பேருக்கு நடை மிச்சம். அத்தா மௌத்தாகி, அவரை அடக்கம் செய்து ஆறு வருஷமாகிறது. போகட்டுமா என்று அவரிடம் கடைசிவரை நான் வாய்விட்டுக் கேட்கவே இல்லை. ரஜாய் மட்டும் பரணில் இருக்கிறது, பனியையே பார்க்காமல்.