மூன்றாவது டிரைவர்

மறுநாள் மார்கழி பிறக்கிறது. கோயிலில் ஒலிபரப்ப வேண்டிய என் பாசுர விரிவுரைகள் அடங்கிய பழைய மடிக்கணினியோ, புதிய இயங்குதளத்தை ஏற்றியதும் ஊமையாகிவிட்டது. உத்திரமேரூர் கடைத்தெருவில் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் நெற்றியில் நீறோ நாமமோ இல்லை. காதில் மட்டும் ஒரு திருப்புளி செருகியிருந்தது.

"இதுக்கு டிரைவர் குடுக்கறத கம்பெனிக்காரனே நிறுத்திட்டான் சாமி. வேற மெஷினோடத போட்டுப் பாக்கணும்."

ஒலிக்கருவியைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருளைத்தான் டிரைவர் என்றார். பட்டியலில் மிகப் புதியதைச் சுட்டிக்காட்டினேன்.

"புதுசு வேணாம் சாமி. இதோட வயசுக்கு எது ஒத்துப்போவுதுன்னு பாப்போம்."

ஒன்றை ஏற்றுவார், கணினியை மறுபடி இயக்குவார், உடனே முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்வார். காரணம் கேட்டேன்.

"பாத்துக்கினே இருந்தா அப்டியே நின்னுபூடும் சாமி."

தமக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தார்.

மூன்றாவது டிரைவருக்கு ஒலி வந்தது. கடை அதிர என் குரல் முழங்கியது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"யாரு சாமி இது? யாரையோ இந்தத் திட்டு திட்டறாரு!"

இறைவனின் கருணையைப் பற்றி நான் ஆற்றிய உரை அது. டிரைவரில் பிழை இருக்குமோ என்று மெல்லக் கேட்டேன். அவர் காதைக் கொடுத்து மீண்டும் ஒருமுறை கேட்டார்.

"டிரைவர் சரியாத்தான் கீது சாமி."

மறுநாள் விடியலில் கோயிலில் அந்த உரை ஒலித்தபோது, நான் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன்.