டிராயரில் எட்டு நாள் கிடந்த ரிப்போர்ட்

1

அந்தமானில், மாயாபந்தரில் இருபத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியராக எங்கள் பள்ளிக்கு நஸ்ரின் வந்த கொஞ்ச நாளிலேயே அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. காரணம் தீபா.

தீபா பத்தாம் வகுப்பு. கெட்டிக்காரி, ஆனால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டாள். படகுத்துறையில் கப்பல் ஹாரன் கேட்டால் போதும், பாதிக் கணக்கில் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். திமிர் என்று நினைத்து ஒரு வருடம் வெளியே நிற்க வைத்தேன். அது ஏ.டி.எச்.டி., கவனம் நிலைக்காத குறைபாடு, பிள்ளையின் குற்றமில்லை என்று போர்ட் பிளேர் டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும் நான் அவ்வளவாக நம்பவில்லை.

நஸ்ரின் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவளை ஜன்னலோரத்திலிருந்து முதல் பெஞ்சுக்கு மாற்றினார். ஒரு துண்டுத் தாளில் ஒரே ஒரு கணக்கு. முடித்தால் எழுந்துபோய் போர்டைத் துடைக்கலாம், நோட்டுகளைக் கொடுக்கலாம். திரும்பி வந்தால் அடுத்த துண்டு. இரண்டே மாதத்தில் தீபா முழுக் கணக்காகப் போட ஆரம்பித்தாள்.

"அரே சார், இவ்ளோ நாள் இந்தப் பொண்ண நீங்க கவனிக்கவே இல்லையா?" என்றார் ஹெட்மாஸ்டர், ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும். தீபாவின் அம்மா முழுசாக ஒரு சூரை மீனை நஸ்ரினுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இருபத்தாறு வருடத்தில் எனக்கு ஒருத்தரும் ஒரு நெத்திலிகூடக் கொடுத்ததில்லை. வயிறு எரிந்தது.

2

பொதுத்தேர்வில் தீபாவுக்குக் கூடுதல் நேரம் கேட்டு போர்ட் பிளேர் ஆபீசுக்கு விண்ணப்பம் போக வேண்டும். கணக்கு ஆசிரியரின் ரிப்போர்ட்டும் சேர்ந்தால்தான் அது செல்லும். உதவிய ஆசிரியரின் பெயர் எழுத அதில் ஒரு கட்டம் உண்டு.

"சார், ரிப்போர்ட் ஜல்தி வேணும். அவளுக்குக் கணக்கு தெரியும், டைம்தான் பத்தாது" என்றார் நஸ்ரின்.

"பாக்கலாம் மேடம். கொஞ்சம் பிஸி."

பிஸியெல்லாம் இல்லை. அந்தக் கட்டத்தில் அவர் பெயரை என் கையால் எழுத மனசு வரவில்லை. ரிப்போர்ட் படிவத்தை டிராயரில் போட்டுவிட்டேன். எட்டாம் நாள்தான் எழுதினேன். பதினைந்து நிமிடம் ஆயிற்று. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் போர்ட் பிளேர் பஸ் ஓடவில்லை, கடைசித் தேதி போய்விட்டது.

"மழைக்கு சார் என்ன பண்ணுவாரு?" என்று எனக்காக ஹெட்மாஸ்டரிடம் பேசியவர் நஸ்ரின்தான்.

3

தீபா கணக்கில் மூன்று மார்க்கில் ஃபெயில்.

"கடைசி ரெண்டு கணக்கும் தெரியும் சார். எழுதறதுக்குள்ள பேப்பர வாங்கிட்டாங்க. சாரி சார்" என்றாள்.

அவள் என்னிடம் சாரி கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை. நேரே நஸ்ரினிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

அவர் வெற்றுப் படிவம் ஒன்றை என் முன்னால் வைத்தார். "மறுதேர்வுக்கும் இதே ரிப்போர்ட் வேணும். இங்கயே உக்காந்து எழுதுங்க சார். முடிக்கிற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

எழுதினேன். அடுத்த பஸ்ஸில் ஏறி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடுதல் நேரம் கிடைத்தது, தீபா தேறினாள். ஸ்வீட் டப்பாவை முதலில் நஸ்ரினிடம்தான் நீட்டினாள். அப்போதும் எனக்கு வயிறு எரியத்தான் செய்தது.

புதிதாக வேலைக்கு வரும் வாத்தியார்களுக்கு ஒன்று சொல்வேன். பொறாமை வரும். அது போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிள்ளைக்கு வேண்டிய காகிதத்தை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிறகு சாவகாசமாகப் பொறாமைப்படுங்கள்.