இலையை மடிக்கத் தெரியாத டாக்டர்

மழை பொய்த்த அந்த வருஷம் எருமப்பட்டியில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து கஞ்சிக் கொட்டகை நடத்திக்கொண்டிருந்தோம். தர்மம் செய்கிற அளவுக்கு எங்களிடம் ஒன்றும் கிடையாது. ஊரில் கெஞ்சி வாங்கிய கம்பையும் சோளத்தையும் காய்ச்சி ஊற்றினோம். அப்போதுதான் கடல் கடந்து ஊழியத்துக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர், கண் அறுவைக்கு இடம் தேடி வருவதாகச் சேதி வந்தது. ஊர் ஊராகப் பார்த்துவிட்டு ஒரே ஊரில்தான் முகாம் போடுவாராம்.

என் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. என் முகம் மறந்துபோகிறது என்று அடிக்கடி தடவிப் பார்ப்பாள். ஆகவே மற்றவர்களுக்கு அவர் விருந்தாளி; எனக்குக் கடைசி நம்பிக்கை.

மனிதர் வந்தார். வாசலில் நின்றே கொட்டகையை எட்டிப் பார்த்தார். உள்ளே வெளிச்சம் பத்தாது, மத்தியான பஸ்ஸில் நாமக்கல் போகிறேன் என்றார். தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் மன்றாடி வாசலிலேயே சாப்பிட உட்காரவைத்தேன்.

அவருக்கென்றே அரிசி தேடிப்பிடித்து நெல்லுச்சோறு, கொள்ளுப் பருப்பு, ரசம், மோர். நாங்களும் கூட உட்காரவேண்டும் என்றார், உட்கார்ந்தோம். பஞ்ச காலத்தில் பருக்கை மீந்தால் பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, இலையை வழித்துத் துடைத்தார். எங்கள் பக்கம் காலி இலை இருந்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். போதுமென்றால் இலையை மடிக்கவேண்டும். அந்தப் பாவிக்கு அது எப்படித் தெரியும்? கொட்டகையில் சமைத்துப் பரிமாறும் அக்கா மறுபடி சோற்றைக் கொட்டினாள். அவர் மறுபடி துடைத்தார்.

"போதும் அக்கா," என்றேன்.

"எலெ காலியாக் கெடக்குதுங்க. வெறும் எலெ முன்னால விருந்தாளிய உக்கார வெச்சா ஊரு என்ன பேசுமுங்க?"

விருந்தாளி எழும்முன் எங்கள் பந்தியில் யாரும் எழமாட்டோம். அவரோ நாங்கள் எழட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார். மாதக்கணக்கில் களி தின்று நாக்குச் செத்திருந்த என் கூட்டாளி காதைக் கடித்தான்: "தொரை நல்லாத்தான் திங்கறாருங்க. நீங்க ஏனுங்க குறுக்க பேசறீங்க?" அவன் இலையிலும் சோறு விழுந்துகொண்டிருந்ததல்லவா?

கடைசியில் டாக்டர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு எழப் பார்த்தார். சம்மணம் போட்ட கால் மரத்து, வயிறு கனத்து, ஆள் அசையவில்லை. தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டகைக்குள் கயிற்றுக்கட்டிலில் கிடத்தினோம். நாமக்கல் பஸ்ஸும் போய்விட்டது. வைத்தியம் பார்க்க வந்தவரைச் சோறு போட்டே சாய்த்துவிட்டோம், இனி இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா என்று எனக்கு அழுகை முட்டியது.

மல்லாந்து கிடந்தவர் வெகுநேரம் கூரையையே பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு மேற்குத் திறப்பைக் காட்டினார். வெளிச்சம் நேராகக் கட்டில்மேல் விழுகிறதாம். அறுவைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காதாம்.

அம்மாவுக்குக் கட்டவிழ்த்துத் தடித்த கண்ணாடி மாட்டிய அன்று முதலில் என்னைத்தான் பார்த்தாள். "நரச்சுப் போச்சே சாமி," என்றாள். நான் அழுதேவிட்டேன். அப்புறம் பக்கத்தில் ஒல்லியாக நின்ற டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க சாமி, கன்னமெல்லாம் ஒட்டிக் கெடக்குது. இந்த ஊருல உங்களுக்கு ஒருவாய் சோறு போட ஆளில்லீங்களா?"

என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். டாக்டர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.