வெட்டிய புகைக்குழாய்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அண்ணன் களம்பூர் அரிசி ஆலை ஒன்றிலிருந்து பழைய டீசல் வேன் வாங்கினார். பட்டுப் புடவை ஏற்ற பெட்ரோல் கார்தான் லட்சணம் என்று ஆரணியில் பலரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. மெட்ராஸுக்கு வாரம் மூன்று நடை ஓட டீசல்தான் கட்டுப்படியாகும்.

அங்கே ஒரே ஒரு ஜவுளிக்கடைதான் அவரிடம் தொடர்ந்து சரக்கு எடுத்தது. லாரி பார்சலில் அனுப்பினால் புடவை போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. "முகூர்த்த மாசத்துல கடை தொறக்கும்போது சரக்கு வாசல்ல இருக்கணும். இல்லன்னா காஞ்சிபுரத்துல ஆளப் பாத்துக்கறேன்" என்று கடை முதலாளி சொல்லிவிட்டார்.

வேனைச் சீராக்கிய மெக்கானிக்கை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பின்சீட்டுகளைக் கழற்றினார். துருவேறிய இரும்புத் தரையை எடுத்துவிட்டுப் பலகை அடித்தார். இன்ஜின் மூச்சுவிட வேண்டும் என்று, வண்டியின் கடைசி வரை நீண்டிருந்த புகைக்குழாயைப் பாதியில் வெட்டினார். அண்ணன் தன் பங்குக்கு ஒன்று செய்தார். மூடிய பெட்டியில் பட்டு புழுங்கும், ஜரிகை கறுக்கும் என்பது நெசவுக்காரர் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால் வேனின் இரண்டு பக்கமும் கீழே ஒரு சாண் அகலத்துக்குத் திறப்பு வெட்டி, கம்பி வலை அடித்தார்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்கு ஊர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். நேரத்தைக் குறித்து வைப்பது பழக்கம். நானும் கூடப் போன முதல் நடை காலை ஐந்து மணிக்குக் கிளம்பி எட்டேகாலுக்குச் சேர்ந்தது. கடை திறந்ததும் முதலாளி ஒரு புடவையைப் பிரித்தார். நிறத்தைப் பார்க்கவில்லை. ஜரிகையையும் பார்க்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னாய்யா இது? பொண்ணு இத்த கட்டிகினு மணவறைல உக்காரணுமா, பஸ் ஸ்டாண்டுல நிக்கணுமா?"

நாற்பது புடவையும் திரும்பி வண்டியில் ஏறின. "இன்னும் ஒரு தரம் கொண்டா. அதுலயும் டீசல் நாத்தம் அடிச்சா இந்தப் பக்கமே வராத" என்றார்.

மறுநாள் பட்டறையில் அண்ணன் கத்தினார்: "இன்னா பாய், என்னிய பேஜார் பண்ணிட்டியே!"

"ஜல்தியா போவணும்னு கேட்டது நீ. போச்சா, இல்லியா?"

"போச்சு."

"கொழாய வெட்டுனது நானு. பொகைக்கு சன்னல் வெச்சுக் குடுத்தது யாரு?"

பாய் வண்டிக்கடியில் படுத்து ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்தார். குழாயை மறுபடி பின்னால்வரை நீட்டிவிடுவதாகவும், திறப்புகளைத் தகடு வைத்து அடைக்க வேண்டும் என்றும் சொன்னார். பட்டுப் புடவையை மூடி வைப்பதா என்று அண்ணன் தயங்கினார். "மூணு மணி நேரத்துல அது செத்துப்போவாது, நைனா" என்றார் பாய்.

வேலை முடிந்ததும், இரண்டு புதுப் புடவைகளோடு நான் பின்னால் உட்கார்ந்து வந்தவாசி வரை போய்த் திரும்பினேன். ஒரு வாசனையும் இல்லை என்றேன். பாய் சிரித்தார். "ரெண்டு மணி நேரமா உள்ள குந்திகினு வந்த மூக்கு. அதுக்கு இன்னா தெரியும்?"

அவர் சொன்னது சரி. டீசலோடு புழங்கிய அவர் மூக்குக்கும் அண்ணன் மூக்குக்கும் அதே நிலைமைதான். அடுத்த தெருவில் தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் புடவையைக் கொண்டுபோனோம். அவர் கையைத் துடைத்துவிட்டு, முந்தானையையும் புடவையின் உடலையும் தனித்தனியாக முகர்ந்தார்.

"பட்டு வாசனதாங்க வருது. வேற இன்னா வரணும்?"

அடுத்த நடையில் கடை முதலாளி மேல் புடவையைத் தொடவில்லை. கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவி முகர்ந்தார். பிறகு அடியிலிருந்து இன்னொன்று. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே, விலைச்சீட்டு ஒட்டச் சொல்லி கடை ஆளைக் கூப்பிட்டார். அண்ணன் வெளியே வந்து, வேனுக்குப் பின்புறமாகப் போய் நின்றார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அவர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது. நான் போய்ப் பார்க்கவில்லை.